காத்து எந்தப் பக்கம் அடிக்குது?

(ஸ்காபரோவில் நடந்த இளையோர் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம். இடையில் வந்த ஆங்கில வசனங்களை நானே தமிழாக்கியிருக்கிறேன். மிச்சம் பேசினபடியே.)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இங்கே பிறந்தவள். என்னுடைய தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத் தமிழும் அம்மம்மாவின் தமிழும் கலந்தது. எழுத்துத் தமிழில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று வீட்டுத் தமிழ் வந்துவிடும். பிழை வந்தால் சிரியுங்கோ, ஆனால் பிறகு திருத்தியும் விடுங்கோ.

"தொழிலிடப் பாதுகாப்பும் புலம்பெயர் தொழிலாளரும்" என்று ஒரு தலைப்பு தந்திருந்தார்கள். 24 படங்களோடு ஒரு பிரசன்டேஷன் செய்து வைத்திருந்தேன். போன கிழமை அதைப் பெரியப்பாவுக்குக் காட்டினேன். கடைசி வரைக்கும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "பிள்ளை, இதில ஒரு மனிசரும் இல்லையே" என்றார். அதனால் படம் இல்லை. பெரியப்பாவைப் பற்றியே கதைக்கப் போகிறேன். அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அவர் வேலை செய்த ஆலையின் பெயரைச் சொல்லமாட்டேன்.

அவர் 30 வருடம் ஒன்ராறியோவின் தெற்கில் ஒரு இரசாயன ஆலையில் வேலை செய்தவர். அதில் 26 வருடம் அந்த ஆலையின் அவசரகால அணியில். ஏதாவது கசிந்தால், தீப்பிடித்தால், யாராவது உள்ளே விழுந்தால், எல்லாரும் வெளியே ஓடும்போது உள்ளே போகிற ஆட்கள். எங்கள் குடும்பத்தில் அவர் ஒரு கதாநாயகன். வரவேற்பறைச் சுவரில் கம்பனி கொடுத்த ஒரு மணிக்கூடு தொங்கும், அவருடைய பெயர் பொறித்தது. பிறந்தநாள், அந்தியேட்டி, எது நடந்தாலும் யாராவது ஒரு மாமா அதைக் காட்டி, "உவர் ஒருத்தனைத் தோளில தூக்கிக்கொண்டு வந்தவர்" என்று புதிதாக வந்த மருமகனுக்குச் சொல்லுவார். பெரியப்பா அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி போட எழும்பிவிடுவார். அடக்கம் என்று நாங்கள் நினைத்தோம்.

அவரோடு நான் உண்மையாகக் கதைக்கத் தொடங்கினது என்னுடைய ஒரு அனுபவத்தால்தான்.

மூன்று வருடத்துக்கு முன், இளங்கலை முடித்த கோடையில், ஒரு ஏஜென்சி மூலம் ஒரு குளிர்களஞ்சியத்தில் வேலைக்குப் போனேன். உறைந்த பட்டாணி, பீட்சா, இறால் பெட்டிகள். அங்கே வேலை செய்தவர்களில் பாதிப் பேர் ஏஜென்சி ஆட்கள்: தமிழ், பஞ்சாபி, பிலிப்பீனோ, நைஜீரியர். இப்படியான பெரிய களஞ்சியங்களைக் குளிராக வைத்திருப்பது பெரும்பாலும் அமோனியா. அது எனக்கு அப்போது தெரியாது. யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் மதியம் எச்சரிக்கை மணி அடித்தது. நிரந்தர ஊழியர்கள் வடக்கு வாசலால் போனார்கள். எங்களுக்கு எந்த வாசல் என்று யாரும் காட்டியிருக்கவில்லை. ஆகவே வந்த வழியால், லொறி ஏற்றும் பக்கத்தால் வெளியே போனோம். அங்கே ஒரு மணம். தலைமயிருக்குப் போடுகிற சாயத்தின் மணத்தை எடுத்துப் பல மடங்காக்கினால் எப்படி இருக்கும், அப்படி. கண்ணால் தண்ணி. என் பக்கத்தில் நின்ற அன்ரிக்கு ஆஸ்துமா. கிட்டத்தட்ட 20 நிமிடம் அந்த இடத்திலேயே நின்றோம். பிறகு முகக்கவசம் போட்ட ஒரு தீயணைப்பாளர் தூரத்தில் வந்து, கையை விசுக்கி விசுக்கி எங்களை மற்றப் பக்கம் ஓடச் சொன்னார். ஓடினோம். அங்கே மேற்பார்வையாளர் ஒரு தாளை வைத்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாப் பெயரும் சரியாக இருந்தது. நிரந்தர ஊழியர்களின் பெயர்கள். எங்கள் பெயர்கள் ஏஜென்சி அலுவலகத்தில் எங்கேயோ ஒரு கம்பியூட்டரில் இருந்தன. அதாவது நான் உள்ளே மயங்கிக் கிடந்திருந்தாலும் அந்தத் தாளின்படி எல்லாரும் பத்திரம்.

அன்றிரவு பெரியப்பாவுக்குப் போன் எடுத்தேன். சுகமோ என்று கேட்கவில்லை. "காத்து எந்தப் பக்கம் அடிச்சது?" என்று கேட்டார். நான் முழித்தேன். காற்றைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இரண்டாவது கேள்வி: "உங்கட பேரை ஆர் கூப்பிட்டது?" ஒருத்தரும் இல்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஞாயிற்றுக்கிழமை வீட்டை வா" என்றார்.

அப்படித் தொடங்கினதுதான் இப்போது என் முதுகலை ஆய்வாகிவிட்டது. ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் அவருடைய பேஸ்மென்டில் ஒலிப்பதிவு. பல்கலைக்கழகம் ஒரு படிவம் தரும், "இந்த ஆய்வில் பங்குபற்றுவதால் உங்களுக்கு ஏற்படக்கூடிய ஆபத்துகள்" என்று. அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "இதை 1989இல என்னட்ட ஒருத்தரும் காட்டேல்லை" என்றுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இனி அவர் கதை. அது கனடாவில் தொடங்கவில்லை. கண்டாவளைப் பக்கத்துப் பெடியன். 1970களின் கடைசியில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை. இங்கே இருக்கிற பலருக்குப் பரந்தன் என்றால் போர்ச் செய்தியில் வந்த ஒரு பெயர், ஒரு சந்தி. ஆனால் ஆனையிறவு உப்பை எடுத்து, உப்புநீருக்குள் மின்சாரம் விட்டு, கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த அரச ஆலை அங்கே இருந்தது. 1980களின் நடுவில் போரோடு உற்பத்தி நின்றது. பெரியப்பா குளோரினை முதலில் மணந்தது அங்கேதான். சேர்ந்த முதல் கிழமை ஒரு மூத்த தொழிலாளி அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய், ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவிக் காட்டினாராம். "தூசி எங்க போகுதோ, அங்க நீ போகாதை." 30 வருடப் பயிற்சிக்கும் அதுதான் அடித்தளம் என்கிறார். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு பாரம். நிலத்தோடு ஒட்டிப் பள்ளம் பார்த்து ஓடும், வெள்ளம் மாதிரி. ஆகவே காற்று வருகிற பக்கம் போ, மேட்டுக்குப் போ.

இங்கே வந்து முதலில் கோப்பை கழுவினார், எல்லாரையும் போல. 1989இல் இந்த ஆலை. நேர்முகத் தேர்வில் குளோரின் பற்றிக் கேட்டார்களாம், இவர் பரந்தன் என்றிருக்கிறார், அவர்களுக்கு அது என்ன இடமென்று விளங்கவில்லை, ஆனால் இவர் சொன்ன பதில் விளங்கியது.

வேலை எப்படியிருக்கும் என்று கேட்டேன். சினிமாவில் வருகிற மாதிரி ஒன்றும் இல்லை. "பத்து வருசம் உபகரணம் துடைச்சன். பத்து நிமிசம் உள்ள போனன்" என்றார். மூச்சுக் கருவியின் சிலிண்டரில் 30 நிமிடம் என்று எழுதியிருக்கும். பாரம் தூக்கி, படியேறி, பயத்தோடு மூச்சு வாங்கினால் 15, 20 நிமிடம்தான். கால்வாசிக் காற்று மிச்சம் இருக்கும்போது மணி அடிக்கும். அந்த மணி அடிக்கும்போது நீ திரும்பத் தொடங்கக் கூடாது, கதவடியில் நிற்கவேண்டும். தனியாக உள்ளே போகக்கூடாது. இருவர் உள்ளே போனால் இருவர் வெளியே அதே உடுப்போடு ஆயத்தமாக. குளோரின் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க, அமோனியாக் கரைசலின் ஆவியைக் குழாய் வழியே காட்டுவார்கள். கசியும் இடத்தில் வெள்ளைப் புகை எழும்பும். கசிகிற தாங்கியில் தண்ணீர் அடிக்கவே கூடாது; குளோரினும் தண்ணீரும் சேர்ந்து அமிலமாகி ஓட்டையை இன்னும் பெரிதாக்கும். தீயணைப்பு என்றால் தண்ணீர் என்று நினைக்கிற எனக்கு இது புதுசு. உருளைத் தாங்கி என்றால், ஓட்டை மேல்பக்கம் வருகிற மாதிரி உருட்டவேண்டும். ஏனென்றால் கீழே திரவம், மேலே வாயு. ஒரு லீற்றர் திரவம் வெளியே வந்தால் அது 450 லீற்றருக்கு மேல் வாயுவாகும். "ஓட்டையை அடைக்க ஏலாட்டிலும் பரவாயில்லை, எது வெளியில வருது எண்டதை மாத்தலாம்."

இதைச் சொல்லும்போது அவருடைய கை அந்தரத்தில் ஒரு தாங்கியை உருட்டும். நான் அதை வீடியோ எடுக்கவில்லை. ஒலி மட்டும்தான் என்று படிவத்தில் எழுதிவிட்டேன், என்ன செய்ய.

பயிற்சியில் அவருக்கு முதலில் சொல்லிக் கொடுத்த சம்பவம் மிசிசாகா. இங்கே இருந்து 401இல் ஏறினால் ஒரு மணித்தியாலம் இல்லை, ஆனால் எங்கள் வயதுக்காரர் நிறையப் பேருக்குத் தெரியாது. 1979 நவம்பர் 10, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன். 106 வண்டிகள் கொண்ட ஒரு சரக்கு ரயில். ஒரு வண்டியின் அச்சில் மசகு எண்ணெய் இல்லாமல் சூடேறி, சக்கரமே கழன்று விழுந்து, ரயில் தடம்புரண்டது. புரொப்பேன் தாங்கிகள் வெடித்தன. பக்கத்திலேயே ஒரு தாங்கியில் 90 தொன் குளோரின். 200,000க்கும் மேற்பட்ட மக்கள், மூன்று வைத்தியசாலைகளின் நோயாளர்கள் உட்பட, வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஒருவரும் சாகவில்லை. குளோரினில் பெரும்பகுதியைத் தீயே மேலே இழுத்துக்கொண்டு போய்விட்டது என்பது அதிர்ஷ்டம். 27 வயது பிரேக்மேன் ஒருவர் எரிகிற வண்டிகளின் பக்கம் நடந்து போய், எரியாத வண்டிகளைக் கழற்ற வழிசெய்தது அதிர்ஷ்டம் இல்லை.

பெரியப்பாவுக்கு அந்தக் கதையில் பிடித்த கட்டம் வெடிப்பு இல்லை. சரக்குப் பட்டியல். எது எரிகிறது என்று தெரியும், ஆனால் அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? பட்டியல் கைக்கு வந்து, அதில் குளோரின் இருப்பது தெரிந்த பிறகுதான் வெளியேற்றம் தொடங்கியது. "நெருப்பை ஆரும் பாக்கலாம். தாளை வாசிக்கத் தெரிஞ்சவன்தான் ஊரைக் காப்பாத்தினவன்." தாங்கி லொறிகளில் செம்மஞ்சள் பலகையில் இலக்கம் பார்த்திருப்பீர்கள். 1017 என்றால் குளோரின், 1005 என்றால் அமோனியா. நெடுஞ்சாலையில் போகும்போது பெரியப்பா அவற்றை வாய்க்குள் வாசிப்பார், மற்றவர்கள் கடைப் பலகை வாசிக்கிற மாதிரி.

இனி அந்த மணிக்கூட்டின் கதைக்கு வருகிறேன். ஏழாவது ஞாயிற்றுக்கிழமைதான் இதைச் சொன்னார். நான் கேட்கவில்லை. பதிவை நிறுத்தட்டோ என்றேன், வேண்டாம் என்றார்.

90களின் நடுப்பகுதி. ஆலையில் குளோரின் உருளைகளை இணைக்கிற செப்புக் குழாய்கள் இருக்கும், வளையக்கூடியவை. அவை நாட்போக்கில் உடையக்கூடிய தன்மைக்கு வந்துவிடும். காலக்கெடு வைத்து மாற்றவேண்டும். ஒரு சோதனையில் சில குழாய்கள் கெடு தாண்டியிருப்பதைப் பெரியப்பா கண்டார். பதிவுப் புத்தகத்தில் எழுதினார். அடுத்த நாள் அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்தில் ஒரு வரி: அடுத்த நிறுத்தத்தில் பார்க்கலாம். நிறுத்தம் என்றால் முழு ஆலையையும் நிறுத்திப் பராமரிப்புச் செய்கிற காலம். அதற்கு எட்டு மாதம் இருந்தது.

ஐந்தாவது மாதம் ஒரு குழாய் வெடித்தது. அதில் வேலை செய்துகொண்டிருந்தவன் ஒப்பந்தக் கம்பனி அனுப்பின ஒரு பெடியன். வயது 22. பெரியப்பாதான் உள்ளே போனார். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மாமாமார் சொல்லும் கதை அதுவரைக்கும் முழு உண்மை. பெடியன் தப்பினான். ஆனால் நுரையீரல் பழையபடி வரவில்லை. படியேறினால் மூச்சு வாங்கும் என்று பிறகு கேள்விப்பட்டாராம்.

விசாரணை அறிக்கை வந்தது. காரணம்: தொழிலாளி முகக்கவசம் அணியவில்லை, நடைமுறையைப் பின்பற்றவில்லை. அவன் அணியவில்லை, அது உண்மை. ஒப்பந்தத் தொழிலாளருக்கு முகக்கவசம் அளவு பார்த்துக் கொடுக்கிற வழக்கமே அந்த ஆலையில் இருக்கவில்லை, அதுவும் உண்மை. இரண்டாவது உண்மை அறிக்கையில் இல்லை. பதிவுப் புத்தகத்தின் அந்தப் பக்கமும் அறிக்கையில் இல்லை. அணித் தலைவர் என்ற முறையில் பெரியப்பா ஒப்பமிட வேண்டும்.

"போட்டியளோ?" என்று கேட்டேன்.

"போட்டன்."

தேத்தண்ணி ஆறிப்போய் இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். அந்த வருடம் அப்பப்பாவும் அப்பம்மாவும் கொழும்பில் ஒரு லொட்ஜில். அவர்களை ஸ்பொன்சர் பண்ணுவதற்குச் சம்பளத் துண்டு காட்டவேண்டும், வேலை நிரந்தரம் என்று கடிதம் காட்டவேண்டும். படித்துக்கொண்டிருந்த கடைசி மகன் என்று இன்னொரு பெயரும் அந்த விண்ணப்பத்தில் இருந்தது. அது என் அப்பா.

நான் இங்கே உங்கள் முன் நின்று கதைப்பதற்கான காரணங்களில் அந்தக் கையெழுத்தும் ஒன்று. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆய்வில் எழுதினேன், என் மேற்பார்வையாளர் ஓரத்தில் "கட்டமைப்பு நிர்ப்பந்தம்" என்று எழுதி அடிக்கோடிட்டார். சரியான சொல்தான். அதைப் பெரியப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "ஓம், ஆனா பேனை என்ர கையிலதான் இருந்தது" என்றார்.

மணிக்கூடு இரண்டு மாதம் கழித்து ஒரு விருந்தில் கொடுக்கப்பட்டது. துணிச்சலுக்காக. அது இப்பவும் நன்றாக ஓடுகிறது.

தோழர்களே, இந்த இடத்தில் நாங்கள் வழக்கமாகச் செய்கிற ஒன்றை நான் செய்ய விரும்பவில்லை. கம்பனி கெட்டது, தொழிலாளி நல்லவன் என்று முடித்துவிட்டு அடுத்த பேச்சாளரைக் கூப்பிடுவது. கம்பனி செய்தது என்னவென்று பாருங்கள். துணிச்சலைப் பாராட்டியது. அது பொய்ப் பாராட்டும் இல்லை. ஆனால் அந்தப் பாராட்டுக்குள் எட்டு மாதத்தையும் வைத்து மூடியது. கோவிட் நேரம் பல்கனியில் நின்று கை தட்டினோம், ஞாபகம் இருக்கா? முகக்கவசம் கேட்ட தாதியருக்குக் கைதட்டல் கிடைத்தது. வீரம் தேவைப்பட்ட ஒவ்வொரு இடத்திலும், அதற்கு முதல் ஒரு புத்தகத்தில் யாரோ ஒரு வரி எழுதியிருப்பார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றும். அந்த வரியைத் தேடவேண்டும்.

லாக்-மெகான்ரிக்கை எடுங்கள். கியூபெக், 2013 ஜூலை 6. மசகெண்ணெய் ஏற்றிய 72 தாங்கி வண்டிகள், ஒரே ஒரு ஓட்டுநர். ஆள் குறைப்புக்கு அரசாங்கமே அனுமதி கொடுத்திருந்தது. இரவு சரிவின் மேலே ரயிலை நிறுத்திவிட்டு ஓய்வுக்குப் போகிறார். கைப் பிரேக்குகள் போதாது. பிறகு இயந்திரத்தில் தீ. தீயணைப்பு வீரர்கள் வந்து, படித்தபடியே, தீயை அணைத்து இயந்திரத்தை நிறுத்தினார்கள். அவர்கள் செய்தது பிழையில்லை. ஆனால் காற்றுப் பிரேக்கைப் பிடித்து வைத்திருந்தது அந்த இயந்திரம்தான். காற்று மெல்ல மெல்ல இறங்க, ரயில் தானாக உருண்டு ஊருக்குள் போனது. 47 பேர் இறந்தார்கள். அந்த இடத்துக்குக் கம்பனி அனுப்பிய ஆள் தண்டவாளம் தெரிந்தவர், இயந்திரம் தெரிந்தவர் இல்லை. கூண்டில் ஏற்றப்பட்டவர்கள் ஓட்டுநரும் இன்னும் இரண்டு ஊழியர்களும். 2018இல் நடுவர் குழு மூவரையும் விடுவித்தது. பெரியப்பா இந்தச் செய்தி பார்க்கும்போது எழும்பி நின்று பார்த்தாராம், பெரியம்மா சொன்னா.

போபாலைப் பற்றி நீங்கள் எல்லாரும் வாசித்திருப்பீர்கள், நீட்டவில்லை. ஒரு விசயம் மட்டும். 1984 டிசம்பர் 2 இரவு, தாங்கியைக் குளிராக்கும் கருவி நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. ஊருக்கான சைரன் அடித்து, உடனே நிறுத்தப்பட்டது. தொழிலாளர்கள் காற்றைப் பார்த்து ஓடினார்கள், அவர்களுக்குத் தெரியும். வேலிக்கு வெளியே இருந்த சனம் காற்றோடு சேர்ந்து ஓடியது. அடுத்த வருடம் கனடாவின் இரசாயனக் கம்பனிகள் பாதுகாப்புக்கென்று ஒரு பொது நெறிமுறையைத் தொடங்கின, பிறகு அது உலகம் முழுக்கப் போனது. பெரியப்பாவுக்கு 1989இல் கிடைத்த நல்ல பயிற்சி அதிலிருந்து வந்தது. போபால்காரர் செத்ததால் அவருக்குக் கிடைத்த பயிற்சி. அவர் இதை வாய்விட்டுச் சொல்லுவார், எனக்குத்தான் சொல்லத் தயக்கம்.

2023 டிசம்பர் 26, சுனாமி நினைவுநாள் இரவு, சென்னைக்கு வடக்கே எண்ணூரில் கடலுக்கடியில் போகும் உரத் தொழிற்சாலைக் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மீனவ மக்கள் நடு இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எந்த எச்சரிக்கையும் வரவில்லை, மூக்குத்தான் சொன்னது என்றார்கள். அந்த வீடியோக்களை நாங்கள் இரண்டுபேரும் சேர்ந்து பார்த்தோம். பெரியப்பா போனைக் கிட்டப் பிடித்து, சனத்தைப் பார்க்காமல், பின்னால் தெரிந்த ஒரு கொடி எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேயும் அப்படித்தான். சார்ணியாவில் ஆம்ஜிவ்னாங் முதல்குடி மக்களின் நிலத்தைச் சுற்றி இரசாயன ஆலைகள். திங்கட்கிழமைகளில் சைரன் சோதித்துப் பார்ப்பார்கள். சிறுபிள்ளைகள் அந்தச் சத்தத்தோடு வளர்கிறார்கள். 2024 ஏப்ரலில் பென்சீன் அளவு கூடியபோது அவசரநிலையை அறிவித்தது அந்த மக்களின் சபை. பக்கத்து ஸ்டைரீன் ஆலையை மூடப்போவதாகக் கம்பனி அறிவித்தது அதற்குப் பிறகு.

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழர் கேட்டார்: இந்த ஆலைகளே இருக்கக்கூடாது என்கிறோம், பிறகு ஏன் முகக்கவசமும் பயிற்சியும் பற்றிக் கதைத்து அவற்றை அழகாக்குகிறோம்? நியாயமான கேள்வி. சில ஆலைகள் மூடத்தான் வேண்டும். ஆனால் மூடும் வரைக்கும் உள்ளே யாரோ ஒருவருடைய தம்பி நிற்கிறான். மூடுகிற வேலையையும் அவன்தான் செய்வான், குழாயை யாராவது கழற்றத்தானே வேண்டும். அத்தோடு பரந்தன் ஆலை குளோரின் செய்தது குடிதண்ணிக்கும். இந்த அறிவு எங்களுக்கு வேண்டும். முதலாளியின் கையில் மட்டும் விட்டுவைக்கிற அறிவு இல்லை இது.

கையெழுத்துக்குப் பிறகு பெரியப்பா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். வேலையை விடவில்லை. ஊடகத்துக்குப் போகவில்லை. தொழிற்சங்கத்தின் பக்கமிருந்து கூட்டுப் பாதுகாப்புக் குழுவுக்குப் போட்டியிட்டார். ஒன்ராறியோவில் இந்தக் குழுக்களும், ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையும் முதலாளிகள் மனமிரங்கித் தந்தவை இல்லை. 1974இல் எலியட் லேக் யுரேனியம் சுரங்கத் தொழிலாளர்கள், தூசியாலும் புற்றுநோயாலும் செத்துக்கொண்டிருந்தவர்கள், அனுமதியில்லாமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதிலிருந்து ஒரு ஆணைக்குழு, அதிலிருந்து 1978இல் சட்டம். அறியும் உரிமை, பங்குபற்றும் உரிமை, மறுக்கும் உரிமை. இந்த மூன்றையும் பெரியப்பா கந்தசஷ்டி மாதிரிச் சொல்லுவார்.

குழுவில் அவர் 17 வருடம் இருந்தார். நிறைய விசயத்தில் தோற்றார், அதை ஒளிக்கவில்லை. வென்றது என்று அவர் எண்ணுவது ஒன்றைத்தான். வாசலில் ஒரு பலகை. ஆலைக்குள் போகிற எவரும், லொறிக்காரர், துப்புரவுக்காரர், ஒப்பந்தப் பெடியள், எல்லாரும், தன் பெயர்த் தகட்டை அதில் கொழுவிவிட்டுத்தான் போகவேண்டும். வெளியே வரும்போது எடுக்கவேண்டும். மணி அடித்தால் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் கணக்கு. நான்கு வருடம் சண்டை பிடித்தார் அதற்கு. ஒப்பந்தத் தொழிலாளர் "எங்கள் ஊழியர் இல்லை" என்பதுதான் நிர்வாகத்தின் வாதம். இவருடைய பதில்: "வாயு ஆற்ற சம்பளத் துண்டையும் பாக்கிறதில்லை."

அதனால்தான் போனில் அந்த இரண்டாவது கேள்வி.

நான் வேலை செய்த குளிர்களஞ்சியத்துக்கு இப்போதும் ஏஜென்சி மூலம் எங்கள் ஆட்கள் போகிறார்கள். இந்த அறைக்குள்ளேயே மூன்றுபேர் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அமோனியா சின்ன விசயம் என்று நினைக்காதீர்கள். 2017 ஒக்டோபரில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபேர்னி என்ற ஊரில், ஒரு பனிச்சறுக்குத் தளத்தின் குளிரூட்டியில் கசிந்த அமோனியாவால் மூன்று தொழிலாளர் இறந்தார்கள். அந்தக் கருவி காலம் கடந்தது, மாற்றுவது தள்ளிப்போடப்பட்டது என்று விசாரணை சொன்னது. அங்கேயும் ஒரு புத்தகத்தில் ஒரு வரி.

ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் இன்னும் இரண்டு தோழர்களும் அந்த மூலை மேசையில் இருப்போம். ஏஜென்சியில் வேலை செய்கிறவர்கள் வாருங்கோ. உங்கள் வேலையிடத்தில் என்ன வாயு இருக்கிறது, எந்த வாசல், யார் பெயர் கூப்பிடுவார், உங்கள் பெயர் அந்தத் தாளில் இருக்கிறதா. தெரிந்ததை எழுதுவோம், தெரியாததைச் சேர்ந்து போய்க் கேட்போம். தனியாகப் போய்க் கேட்டால் அடுத்த நாள் ஷிப்ட் இருக்காது, அது எங்களுக்குத் தெரியும். உள்ளே இருவர், வெளியே இருவர்.

பெரியப்பாவும் வந்திருக்கிறார். பின்வரிசையில், கதவடியில் இருக்கிற கதிரையில். வந்தவுடன் இரண்டு வாசலையும் திறந்து பார்த்துவிட்டு, ஒன்று பூட்டியிருக்கிறது என்று மண்டபக்காரரோடு சண்டை பிடித்து அதைத் திறப்பித்த பிறகுதான் இருந்தார். மைக் பிடிக்கமாட்டேன் என்று எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கேள்வி இருந்தால் பக்கத்தில் போய் இருந்து கேளுங்கோ. தேத்தண்ணி ஒன்று எடுத்துக்கொண்டு போங்கோ, சீனி இல்லாமல்.